ஏழு படகும் ஒரு பலகையும்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, வழி தவறி வந்த லாரிக்காரன்கூட வண்டியை நிறுத்தி டீ கேட்கக் கூச்சப்படும் அளவுக்குச் சின்ன ஊர் கோரைமுனை. ஆனாலும் அந்த ஊரில் ஏழு யாட்டுகள், பந்தயப் பாய்ப்படகுகள், இருந்தன, ஏழும் தேக்கு, ஏழும் ஒல்லி இடுப்பு, ஏழும் கொக்கு மூக்கு, ஏழுக்கும் ஒற்றைப் பாய்மரம், பாயில் எழுதிய நம்பரைத் தவிர ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல அந்த மாதாவே இறங்கி வந்தாலும் முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே உப்புக்கு அதிகாரியாக இருந்த ஒருவன், படகுப் போட்டியில் தோற்ற சிநேகிதர்கள் எல்லாம் “நான் தோற்கவில்லை, என் படகுதான் தோற்றது” என்று சொல்லிச் சொல்லி அவன் சாராயத்தைக் குடித்துத் தீர்த்ததில் எரிச்சல்பட்டு, இனி ஒருத்தனும் படகைக் குற்றம் சொல்லக்கூடாது, மயிரிழை பிசகாமல் ஏழு செய் என்று படகு கட்டுகிற உள்ளூர்த் தச்சன், ஓடாவியிடம் சொன்னான். ஓடாவியோ சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனுஷன், ஒவ்வொரு மரத்தையும் நெடுக்க ஏழாகப் பிளந்து, ஒரு படகுக்கு ஒரு கீற்று என்று பங்கு வைத்தான். அதிகாரி கப்பலேறிப் போனான். அச்சுப்படகுகள் என்று பேர் வாங்கிய அந்த ஏழும் ஏழு வீட்டுக்காரர்களிடம் தங்கிவிட்டன.

எத்தனை காலத்துக்குத்தான் கடலும் இது யாருடையது, அது யாருடையது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரு மாசி மாதத்துப் பகலில் தொபியாஸின் ஒன்றாம் நம்பர் படகை ஓர் ஆட்டுக்கிடா கொம்பால் கீறியது, அதே கீறல் அதே இடத்தில் ஏழு படகிலும் விழுந்தது. அன்றிலிருந்து ஒன்றின் மரத்துக்கு நேர்வது ஏழின் மரத்துக்கும் நேர்ந்தது. துணிக்கும் கயிற்றுக்கும் அந்தச் சொந்தம் இல்லை, ஏறி இருக்கிற மனுஷனுக்கும் இல்லை; மரத்துக்கு மட்டும்தான்.

ஊர் முதலில் சண்டை போட்டது. ஒருவர் பச்சை அடித்தால் ஏழும் பச்சையாகி, மறுநாள் இன்னொருவர் நீலம் அடித்தால் ஏழும் நீலமாகி, கடைசியில் கோயில் முற்றத்தில் மீட்டிங் போட்டு, யாருக்கும் பிடிக்காத ஒரு காவி நிறத்தில் எல்லோரும் சமாதானம் ஆனார்கள். பிறகு ஊருக்கு அது பழகிப்போனது, மழை பழகுகிற மாதிரி. ஒருவர் கடலுக்குப் போனால் மணலில் நிற்கிற மற்ற ஆறும் அலையில் கிடப்பதுபோல ஆடும், காற்றுக்குச் சாயும், நிமிரும். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து கரைப்படகில் கிடத்தித் தூங்கவைத்தார்கள், அதில் அடைகாத்த கோழிகள் தலைசுற்றிக் குறுக்கே நடந்தன, கடலை மிதித்தே அறியாத கணக்குப்பிள்ளை ஒருவர் நிழலுக்காகப் படகில் சாய்ந்து உட்கார்ந்து காலைச் சோற்றையெல்லாம் கக்கினார். மீன்துறையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஒரு படகில் ஆணி அடித்துப் பார்த்து, மற்ற ஆறிலும் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

இதற்கென்று ஒரு வழக்கமும் வந்தது. படகில் உளி வைக்கப்போகிறவர் முதலில் கரையில் நின்று, “மரத்துல கை வைக்கப் போறேன், கடல்ல ஆருண்டு?” என்று குரல் கொடுக்கவேண்டும், ஏழு வீட்டிலிருந்தும் “இல்லை” வந்த பிறகுதான் உளி. அதேபோலக் கடலுக்குப் போகிறவர் ஏழு வீட்டு வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

மூன்றாம் நம்பர் படகுக்காரன் கஸ்பார் இந்த வழக்கத்தை மீறியதில்தான் கதை இருக்கிறது.

கஸ்பாருக்கு ஒரே ஓர் ஆசை, ஒரு தடவையாவது ஜெயிக்கவேண்டும். மாதா திருவிழாவில் நடக்கும் போட்டியில் ஏழு படகும் சீப்பின் பல்போல ஒரே வரிசையில் கிளம்பி ஒரே வரிசையில் வந்து சேரும். வெள்ளிக் கப்பை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் பங்குச்சாமி அதைப் பீடத்தில் பூச்சாடியாக வைத்துவிட்டார். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். போட்டி முடிந்ததும் ஊர்க்காரர்கள் ஆறாம் நம்பர் இஞ்ஞாசியின் முதுகில் தட்டி, “நீரு ஓட்டுன ஓட்டுல மத்த ஆறும் வந்து சேந்துச்சு வே” என்று சொல்வார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இஞ்ஞாசி வேறு யாருமில்லை, கஸ்பாரின் பெண்சாதி பெர்னதாளின் கூடப்பிறந்த அண்ணன். போன வருஷத் திருவிழாவிலிருந்து அந்தப் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று கஸ்பார் சட்டம் போட்டிருந்தான்.

யோசித்து யோசித்து அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஓடாவியின் மரத்துக்குத்தானே இந்த ஒட்டுறவு? அடிமரத்தை ஒட்டி ஓடுகிற ஒரு பலகையைக் கழற்றிவிட்டு வெளிமரம் ஒன்றை வைத்தால் தன் படகு தனிப்படகாகிவிடும், ஏழில் ஒன்று தனியே முந்தும், அது மூன்றாம் நம்பராக இருக்கும். டவுனில் ஒரு மரக்கடையில் மாம்பலகை ஒன்றை வாங்கி இழைத்து ஒளித்துவைத்தான். இஞ்ஞாசி தன் கொட்டகைக்குள்ளும் மற்றவர்கள் வெளியே மணலிலும் படகைக் கிடத்தியிருக்க, அவன் மட்டும் தன்னுடையதைக் கொட்டகைக்குள் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, வர்ணம் அடிக்கப்போவதாகச் சொல்லி ஓலைத்தட்டியால் மறைத்தான்.

கொடியேற்றத்து அன்று காலையில் ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. குரல் கொடுத்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்பதால் கஸ்பார் குரல் கொடுக்கவில்லை. ஆனால் அவன் கொலைகாரன் இல்லை, கரைக்குப் போய்ப் பார்த்தான். மணலில் ஐந்து படகும் மூச்சுவிடாமல் நின்றன. இஞ்ஞாசியின் கொட்டகைத் தட்டி சாத்தியிருந்தது. கடலில் எவனாவது இருந்தால் இவை ஆடாதா, என்று நினைத்தான். காற்று செத்துக் கிடக்கிற காலையில், கண்ணாடியாய்க் கிடக்கிற கடலில், நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறவனின் படகும் ஆடாது என்பது, பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்த அவன் புத்திக்கு அந்த நேரம் எட்டவில்லை. ஆசை வந்தவன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் சாட்சி.

பலகை இடுக்கில் அடைத்திருந்த பஞ்சையும் குங்கிலியத்தையும் சுரண்டி எடுத்தான். ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். ஒவ்வோர் ஆணி வரும்போதும் ஐந்து கரைப்படகிலும் ஓர் ஆணி தானாக எழுந்து மணலில் விழுந்தது, பார்க்க யாருமில்லை. கடைசியில் பலகை ‘படார்’ என்று நடுவே பிளந்துகொண்டு கையோடு வந்தது.

அப்போது படகு ஒருமுறை சிலிர்த்தது. காய்ந்த தரைமேல், கட்டைகளின்மேல் நின்ற அந்தப் படகின் வெட்டுவாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று படகுக்குள் ஏறியது, பச்சை நிறம், ஆழ்கடல் வாசம், நடுவில் துள்ளும் இரண்டு சூடை மீன்கள். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேட்கிறவன் கோரைமுனைக்காரனாக இருக்கமாட்டான். கஸ்பார் கேட்கவில்லை. ஓடிப்போய் இஞ்ஞாசியின் தட்டியைப் பிடுங்கினான். உள்ளே படகு உருட்டிக்கொண்டு போன தடிகள் மட்டும் கிடந்தன. அதே நேரம் அவன் முதுகில் கச்சான் காற்று பட்டது, மேற்கிலிருந்து, நிலத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்து, கரைக்கு வரநினைக்கிறவனை உள்ளே தள்ளுகிற காற்று.

திரும்பி ஓடினான். கை போன போக்கில் மாம்பலகையை எடுத்து ஓட்டையில் பொருத்தி நாலு ஆணி அடித்தான். தண்ணீர் நின்றது. படகு அடங்கியது. அவனுக்கு ஒரு மூச்சு வந்தது, அது பாதியில் நின்றது. தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தால் மணலில் ஐந்து படகும் சாய்ந்து சாய்ந்து நிரம்பிக்கொண்டிருந்தன. தன்னுடையது மட்டும் பொம்மைபோல நின்றது. அவன் நினைத்தது நடந்துவிட்டது, மூன்றாம் நம்பர் தனிப்படகாகிவிட்டது, ஒருத்தரும் பார்க்கவில்லை, புழு அரித்துப் பலகை போனது என்று சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு நினைப்பு வந்து அவன் தலைக்குள் உட்காரப்போன நேரத்தில் கோயிலில் மேளம் உச்சத்துக்குப் போனது, பெர்னதாளின் குரல் பாட்டில் எல்லோருக்கும் மேலே கேட்டது. கஸ்பார் ஓடினான்.

கொடி பாதி மரம் ஏறியிருந்தது. “பாட்ட நிப்பாட்டுங்கலே!” என்று கத்திக்கொண்டு மரத்தூளும் ஈரமுமாக உள்ளே வந்தவனைப் பார்த்து மேளக்காரன் கோலை அந்தரத்தில் வைத்தபடி நின்றான்.

“பலகையக் கழட்டிட்டேன். கடல்ல ஆளிருக்கு.”

“குரல் கொடுத்தியாலே?” என்றார் தொபியாஸ், ஒன்றாம் நம்பர்க்காரர், பெருத்த உடம்பு, எதற்கும் நக்கல் பேசுகிறவர், அன்று நக்கல் வரவில்லை.

“கொடுக்கல.”

“கடல்ல ஆரு?” என்று கேட்டாள் பெர்னதாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரியும். விடிகாலையில் அண்ணன் அடுப்பங்கரை வழியாக வந்து, திருவிழாச் சாப்பாட்டுக்குச் சீலா மீன் பிடிக்கப் போகிறேன், வீட்டில் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்; பேரைச் சொல்லக்கூடாத வீட்டில் அவள் எப்படிச் சொல்வாள்? அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “நிக்கிறீங்களே! அண்டாவத் தூக்குங்க!” என்றாள்.

திருவிழாச் சோற்றுக்கு வைத்திருந்த அண்டாவும் குத்துப்போணியும் வாளியும், ஞானஸ்நானத் தொட்டியில் மொள்ளுகிற செம்பும்கூடக் கரைக்கு வந்தன. ஆணும் பெண்ணும் படகுக்குப் பத்துப்பேராக ஏறி, மணலில் கிடந்த படகுகளிலிருந்து கடலை அள்ளி மணலில் ஊற்றினார்கள், ஊற்ற ஊற்ற ஏறியது, ஏற ஏற அள்ளினார்கள், வெள்ளைச் சட்டைபோட்ட பங்குச்சாமி முழங்கால்வரை அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு செபத்தையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் இறைத்தார், கரையெல்லாம் சேறாகி, சேற்றில் மீன் துள்ளி, ஒரு நண்டு அண்டாவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இங்கே ஒரு வாளி குறைந்தால் அங்கே ஒரு வாளி குறையும் என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வாளி பிடிக்க ஆள் இருக்கிறானா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

“ஓட்டைய அடைக்கணும் வே, அள்ளி மாளாது!” என்று தொபியாஸ் கத்தினார். “இதுல எப்பிடி அடைக்க? அடிபட்ட பக்கம் மணலுக்குள்ளல்லா பொதைஞ்சு கெடக்கு!”

ஓட்டைக்குக் கை எட்டுகிற படகு ஒன்றே ஒன்றுதான், கட்டைமேல் நின்றது, மாம்பலகை போட்டுத் தனியாகிப்போன மூன்றாம் நம்பர். கஸ்பார் கொட்டகைக்குள் போனான். பெர்னதாள் பின்னால் வந்தாள்.

“இது ஏன் ஆடாம நிக்குது?”

அவன் கடப்பாரையை எடுத்து, தான் இழைத்து வழவழப்பாக்கிய மாம்பலகையின் கீழ்க் கொடுத்து நெம்பினான். பலகை பறந்தது. கடல் அவன் மார்பில் அடித்து அவனைக் கீழே தள்ளியது. மூன்றாம் நம்பர் மறுபடி ஏழில் ஒன்றாகி அலறிக்கொண்டு சாய்ந்தது.

“பழைய பலகை எங்க?”

“ரெண்டாப் போச்சு.”

“அப்ப வேற எத வைப்பீங்க?”

ஓடாவியின் மரம் வேண்டும். உடம்பிலிருந்து எடுத்தால் எடுத்த இடத்தில் இன்னோர் ஓட்டை. கஸ்பார் படகில் ஏறித் தேடினான். இடுப்பளவு தண்ணீரில், சுக்கான்பிடிக்குப் பக்கத்தில், தன் அப்பாவும் அதற்கு முன் அவர் அப்பாவும் உட்கார்ந்து தேய்த்த ஆசனப்பலகை அவன் கையில் தட்டுப்பட்டது. நீளமும் போதும், அகலமும் போதும். இரண்டு அடியில் அதைக் கழற்றினான். பெர்னதாள் வெளியே நின்று பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்து அழுத்த, அவன் ஆணி அடிக்க, அவள் தன் பட்டுச்சேலையின் முந்தானையைக் கிழித்து இடுக்கில் திணிக்க, அவன் அதன்மேல் குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினான். கரையில் ஐந்து படகிலிருந்தும் ஒரே சமயத்தில் ‘நின்னுட்டு! நின்னுட்டு!’ என்று சத்தம் வந்தது. அண்டாக்கள் நின்றன.

அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டக், டக், டக். கரைப்படகுகளின் சுக்கான்பிடிகள் அங்குமிங்குமாக அலைந்து பக்கப்பலகையில் மோதிக்கொண்டிருந்தன. மூன்றாம் நம்பரிலும் அப்படியே. கடலில் அதைப் பிடிக்கக் கை இல்லை என்று அர்த்தம்.

பெர்னதாள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணன் இல்லையா?” என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

கஸ்பார் தாவி ஏறிச் சுக்கானைப் பிடித்தான். உட்காரப் பலகை இல்லாததால் முழங்காலில் நின்றான். பாய் இல்லை, காற்று இல்லை, எதிரே ஓலைத்தட்டியும் அதற்கப்பால் மணலும்தான்; ஆனால் மரம் அவன் முழங்காலுக்குக் கீழே பேசியது. வலதுபக்கம் சாய்கிறது, அங்கே பாய் காற்றில் நிறைகிறது. நடுங்குகிறது, அலையைக் குறுக்கே வாங்குகிறது. மெல்ல மெல்லச் சுக்கானைத் திருப்பி, படகின் மூக்கைக் காற்றுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தான். நடுக்கம் நின்றது. சாய்வு ஒரே சீரானது. ஊர் ஓசைப்படாமல் கொட்டகையைச் சுற்றி வந்து நின்றது. மற்ற ஐந்து படகின் சுக்கான்களும் அவன் கைக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை.

மனசுக்குள் கடலை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டினான். வழக்கமாகச் சீலா பிடிக்கிற இடம் தென்கிழக்கே. அங்கிருந்து வடக்கே ஒரு நீண்ட ஓட்டம், பிறகு ஒரு திருப்பம், பிறகு கரை. நடுவில் ஆனைப்பாறை, தண்ணீருக்குள் முதுகை வைத்துக்கொண்டு கிடப்பது. அதைத் தாண்டும்வரை திருப்பக்கூடாது. தாண்டவில்லை, இன்னும் தாண்டவில்லை.

அப்போது சுக்கான் அவன் கையில் இழுத்தது.

அலை இல்லை அது. அலை உதறும், இப்படிப் பிடிவாதமாக இழுக்காது. இந்த இழுப்பை அவனுக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரே துடுப்புக்கு இரண்டுபேரும் சண்டை போட்டபோது மறுமுனையில் இருந்த இழுப்பு.

“இருக்கான்!” என்று கத்தினான். “பெர்னதா, ஒங்கண்ணன் இருக்கான்!”

ஊர் ஆர்ப்பரித்தது. அவள் அழுதாள். ஆனால் கஸ்பார் கையை விடவில்லை. இஞ்ஞாசி இப்போதே திருப்பப் பார்க்கிறான், பாறை இருக்கிறது, மடையன், பாறை இருக்கிறது! “இன்னும் போணும் மச்சான், இப்பத் திருப்பாதேயும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அங்கிருந்து இழுப்பு வந்தது. இவன் இரண்டு கையாலும் இழுத்தான். ஏழு படகும் முனகின, ஏழு சுக்கான்பிடியும் வில்லாய் வளைந்தன, சாய்வு குலைந்து மறுபடியும் நடுக்கம் வந்தது.

“ஒடிஞ்சிரும் வே!” என்றார் தொபியாஸ்.

“பாறையில போயி ஏறிருவான்!”

பெர்னதாள் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். “ஒங்களுக்கு இப்ப முன்னால என்ன தெரியுது?”

“என்ன கேக்க?”

“முன்னால என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

அவன் பார்த்தான். ஓலைத்தட்டி தெரிந்தது. அதில் காயப்போட்ட அவன் சட்டை தெரிந்தது.

“அண்ணனுக்குத் தண்ணி தெரியும்” என்றாள். “விடுங்க.”

விரல்கள் விட மறுத்தன. ஒவ்வொன்றாகத்தான் பிரிக்கவேண்டியிருந்தது, கடைசியில் கட்டைவிரல். சுக்கான் அவன் உள்ளங்கையிலிருந்து நழுவி அந்தப்பக்கம் போனது. ஏழு படகும் ஒருசேர மறுபக்கம் சாய்ந்தன, அவன் முழங்காலிலிருந்து உருண்டு விழுந்தான். பாறை இருந்தால் இந்நேரம் மரம் சொல்லும். மரம் ஒன்றும் சொல்லவில்லை. சுக்கான் தானாக ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி அசைந்துகொண்டிருந்தது, அவசரம் இல்லாமல். படுத்த இடத்திலிருந்து கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு அழகாக ஒருவன் ஓட்டி அவன் பார்த்ததே இல்லை.

கடலோரத்திலிருந்து யாரோ பாய் தெரிகிறது என்று கூவினார்கள். ஆனைப்பாறைக்குத் தெற்கே, அவன் நினைத்த இடத்துக்கு எவ்வளவோ இந்தப்பக்கம், ஆறாம் நம்பர் பாய்.

படகு மணலில் முட்டியபோது கரையில் எல்லாப் படகும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றன. இஞ்ஞாசி இறங்கினான். நெற்றியில் ரத்தம், தொப்பலான உடம்பு, ஒரு கையில் வாலைப் பிடித்துத் தூக்கிய பெரிய சீலா மீன். அதைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு ஊரைப் பார்த்தான்.

“எவம்லே நான் உக்காந்திருந்த பலகைய உருவினது? தூண்டில இழுத்துக்கிட்டு நிம்மதியா இருந்தவன், கீழ தண்ணி வருது. நங்கூரத்த எடுத்துப் பாய ஏத்திட்டு அள்ளுனேன், அள்ளி அள்ளிக் கை ஓஞ்சு, சரி கொஞ்சம் குந்துவோம்னு குந்துனா, குந்துன பலகையும் இல்ல! மண்டைய இடிச்சு மயங்கிக் கெடந்தேன்.”

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கஸ்பார் முன்னால் வந்தான்.

“நாந்தான் மச்சான்.”

“ஓட்டையப் போட்டது?”

“அதுவும் நாந்தான்.”

“நான் முழிக்கும்போது சுக்கானப் புடிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தது?”

“நாந்தான்.”

“பொறவு, நேரா ஆனைப்பாறை மேல ஏத்தப் பாத்தது?”

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். “பாறை பக்கவாட்டுல கெடக்கு, இப்பத் திருப்புனா அதுல ஏறிருவீருன்னு நெனச்சேன்.”

இஞ்ஞாசி நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“கைய விட்டது ஆரு?”

கஸ்பார் பெர்னதாளைப் பார்த்தான். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான்” என்றான்.

“ம்” என்றான் இஞ்ஞாசி. தலையை ஆட்டினான். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கால் ஊன்றி நின்று, மச்சான் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். அந்தச் சத்தத்தில் கொடிமரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. பக்கத்தில் நின்ற மற்ற ஐந்து படகுக்காரர்களும், தொபியாஸ் முதற்கொண்டு, ஒரே நேரத்தில் கையைத் தூக்கித் தங்கள் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.